அப்பாவுக்கு க்ளாக்கோமா என்கிறார்கள். எனக்கும் தம்பிக்கும் வருமா, ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ரோஸ்ஹில்_மீனா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது, மாயேபூரில் இருக்கிறார். கண் மங்குகிறது என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அது புரைதான், ஆபரேஷன் செய்தால் தீர்ந்தது, காவடி முடியட்டும், கரும்பு வெட்டு முடியட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் வம்படியாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். டாக்டர் கண்மணியை விரிய வைத்துப் பார்த்துவிட்டு, புரை கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பிரச்சினை அது இல்லை, க்ளாக்கோமா, இடது கண்ணில் பார்வை நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது என்றார். போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் வலிக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பேப்பர் படிப்பார், டிவி பார்ப்பார். இப்போது யோசித்தால்தான் சிலது ஞாபகம் வருகிறது. வராந்தாவில் கூட்டாளிகளோடு டொமினோ ஆடும்போது இடது ஓரத்தில் கிடக்கும் காய் அவர் கண்ணிலேயே படாது, தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்ப்பார், "கிழவன் அழுகுணி ஆட்டம் ஆடுகிறான்" என்று கேலி செய்வார்கள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, யார் இங்கே கதவைச் சாத்தி வைத்தது என்று எங்கள் மேல் பாய்வார்.

இப்போது என் கதை. வயது 44, சின்ன வயதிலிருந்தே கண்ணாடி, இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பக்கம். சாயங்காலம் சில நாள் தலைவலி, இரவில் தெருவிளக்கைச் சுற்றி லேசாக ஒரு வட்டம். கண்ணாடிக் கடையில் காற்று அடிக்கிற மெஷினில் கண் அழுத்தம் பார்த்து "17, நார்மல், கவலைப்படாதீங்க" என்றார்கள். உடம்பு பிரஷரும் நார்மல்தான். தம்பி க்யூர்பிப்பில் இருக்கிறான், 40 வயது, சர்க்கரை உண்டு, ஆஸ்பத்திரி என்றாலே ஓடுவான்.

கேட்க வேண்டியது இதுதான்: ஆரம்ப அறிகுறி என்ன? இந்த 17 என்பதை நம்பி இருக்கலாமா? இங்கே மொரீஷியஸில் எங்கே போய் என்ன கேட்பது?

——

செல்வா_காத்ர்போர்ன்:

மீனா, நான் பல வருஷமாக இந்த வியாதியோடு இருப்பவன், அதனால் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். ஆரம்ப அறிகுறி என்று ஒன்றைத் தேடாதீர்கள். இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வரும் வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படிக்கலாம். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிற்கும், ஓரத்திலும் இடையிலும்தான் முதலில் ஓட்டை விழும். அதுவும் கறுப்பாகத் தெரியாது. ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் பார்த்துவிடும், இரண்டிலும் விட்டுப்போனால் மூளையே அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிவிடும். அப்பாவைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரிந்திருக்காது. டொமினோ காய் தெரியாமல் போவது ஆரம்பம் அல்ல, ரொம்பத் தாண்டிய பிறகு நடப்பது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், நாற்பதைத் தாண்டியதும் எல்லாரையும் போல சாளேசரத்துக்குக் கண்ணாடி வாங்கப் போனேன். அங்கே இருந்த பெண் பிள்ளை கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி அப்புறம் வாங்கலாம் அங்கிள், முதலில் டாக்டரிடம் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். வியாபாரத்தை விட்டுவிட்டு அனுப்பினாளே, அவள் நன்றாக இருக்கட்டும்.

ஃபீல்ட் டெஸ்ட், அதாவது ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தைக் கொடுத்து, தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். சிலது பளிச்சென்று வரும், சிலது இருந்ததா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். நல்ல கண்ணுக்கும் பாதிப் பொட்டுகள் தெரியாது, மெஷின் வேண்டுமென்றேதான் மங்கலாக்கிக்கொண்டே போகும், அதனால் ஃபெயிலாகிறோம் என்று பதறிக் கண்ணை அலையவிடாதீர்கள். முதல் தடவை பலருக்கும் மோசமாகத்தான் வரும். இரண்டாவது தடவை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

——

கண்ணாடிக்கடை_தம்பி:

மீனா அக்கா, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், டாக்டர் இல்லை. செல்வா அண்ணன் சொன்னது சரி. அந்த 17 விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

கண்ணுக்குள் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். வடிகால் அடைத்தால் தொட்டி நிறைகிற மாதிரி உள்ளே அழுத்தம் ஏறும், ஏறினால் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசுங்கும். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. (பாதரச அளவு) வரை நார்மல் என்று வைத்திருக்கிறோம். ஆனால் அந்த 21 என்பது கல்லில் செதுக்கிய கோடு இல்லை. அமெரிக்காவில் பால்டிமோரில் நடந்த பெரிய கண் ஆய்வில், க்ளாக்கோமா இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் தடவை அளந்தபோது 21க்குள்தான் இருந்தது. அழுத்தம் எப்போதுமே நார்மலாக இருந்து நரம்பு மட்டும் தேய்கிற வகையும் உண்டு. போதாக்குறைக்கு ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் எண் மாறும்.

இன்னொன்று, கருவிழியின் தடிமன். சராசரி 540 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். அதைவிட மெல்லிசாக இருப்பவர்களுக்கு மெஷின் குறைத்துக் காட்டும். அதாவது உங்கள் 17 உண்மையில் 20 ஆகக்கூட இருக்கலாம். அதை அளக்க ஒரு நிமிஷம் போதும், ஆனால் கேட்டால்தான் அளப்பார்கள்.

உடம்பு பிரஷருக்கும் கண் அழுத்தத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். கையில் பட்டை கட்டி அளப்பது நார்மல் என்பதால் கண் நார்மல் ஆகிவிடாது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "எனக்குத் தான்சியோன் (உடம்பு பிரஷர்) கிடையாது தம்பி" என்று சொல்லித்தான் உட்காருகிறார்கள்.

அப்படியானால் எதை நம்புவது? நரம்பை. கண்மணியை விரிய வைத்து நரம்பின் முகப்பைப் பார்க்க வேண்டும். அதன் நடுவில் ஒரு குழி இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு மொத்த வட்டத்தில் 0.3 பக்கம். 0.6, 0.7 என்று போனாலோ, ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் 0.2 அளவுக்கு வித்தியாசம் இருந்தாலோ சந்தேகப்படுவார்கள். பிறவியிலேயே பெரிய குழி உள்ளவர்களும் உண்டு, அதனால் அதைப் பார்த்ததுமே பயந்துவிட வேண்டாம். பிறகு ஓசிடி ஸ்கேன், நரம்பு நாரின் தடிமனை அளக்கும். ஃபீல்ட் டெஸ்ட்டில் ஓட்டை தெரிவதற்குள் நரம்புச் செல்களில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போயிருக்கும் என்கிறார்கள், ஸ்கேன் சில பேருக்கு அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். ஒன்று மட்டும், மைனஸ் 6 கண்ணில் ஸ்கேன் சில சமயம் வீணாகச் சிவப்புக் காட்டும், ஏனென்றால் மெஷினுக்குள் இருக்கும் ஒப்பீடு சாதாரண நீளமுள்ள கண்ணுக்கானது. காகிதத்தில் சிவப்பைப் பார்த்துக் கூகிளில் தேடி அழ வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.

உங்களுக்கு ஏன் கட்டாயம் என்றால், அப்பாவுக்கு இருக்கிறது, வயது நாற்பதுக்கு மேல், மைனஸ் அதிகம். மூன்றுமே கணக்கில் வரும். நெதர்லாந்தில் ரோட்டர்டாமில் குடும்பம் குடும்பமாகப் பார்த்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆயுளில் வரும் வாய்ப்பு 22 சதவீதம், குடும்பத்தில் இல்லாதவர்களுக்கு 2.3. ஆகவே தம்பியைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாருங்கள். அப்படியே அப்பாவின் அண்ணன் தம்பிமார், அத்தைமார் யாராவது இருந்தால் அவர்களுக்கும் இன்றே போன் போடுங்கள், பிள்ளைகளைவிட அவர்கள் வயதுக்கு அவசரம் அதிகம்.

——

பாலு_த்ரியோலே:

எதற்கெடுத்தாலும் மெஷின், ஸ்கேன், சொட்டு மருந்து. எங்கள் பாட்டி இரவில் கண்ணில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுவாள், 90 வயது வரை ஊசியில் நூல் கோத்தாள். சிரசாசனம் செய்யுங்கள், தலைக்கு ரத்தம் பாயும், கண் நரம்பு பலப்படும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். நான் செய்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை.

——

வாக்வா_டீச்சர்:

பாலு ஐயா, பாட்டி புண்ணியவதி, நல்ல கண்ணோடு பிறந்தாள், விட்டுவிடுங்கள். ஆனால் இங்கே ஒரு பெண் அப்பாவின் ஒரு கண் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாள், அவளிடம் போய்ச் சிரசாசனமா? தலைகீழாக நின்றால் கண் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், அது அளந்து பார்த்த விஷயம். க்ளாக்கோமா உள்ளவர்கள் முதலில் நிறுத்த வேண்டிய ஆசனமே அதுதான். தண்ணீர் விஷயமும் அப்படியே, ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறும், அதைக் குடிக்க வைத்து ஏற்றிப் பார்ப்பதே ஒரு பழைய பரிசோதனை. குடிக்காதே என்று சொல்லவில்லை, பிரித்துப் பிரித்துக் குடிக்கலாம். விளக்கெண்ணெய் குத்து விளக்குக்கு நல்லது.

மீனா, உனக்கு ஒன்று சொல்லணும். சிவந்த கண்ணுக்கும் அரிப்புக்கும் யாரோ கொடுத்த சொட்டு மருந்தை வீட்டில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடுகிற பழக்கம் உண்டா? அதில் ஸ்டீராய்ட் இருந்தால் சில பேருக்கு அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது, கண் சுகமாகத்தான் இருக்கும். முகத்துக்குப் போடும் சிவப்பழகுக் கிரீம்களில் சிலதிலும் அது உண்டு, ஆஸ்துமா இன்ஹேலரிலும் உண்டு. இன்ஹேலரை நிறுத்தாதே, டாக்டரிடம் சொல்லிவிடு, போதும்.

——

ரோஸ்ஹில்_மீனா:

எல்லாருக்கும் நன்றி. படித்ததும் கொஞ்சம் பயம்தான், ஆனால் தெளிவாகிவிட்டது. அடுத்த வாரம் லீவு போட்டு நானும் தம்பியும் போகிறோம், அவன் மனைவியிடம் சொல்லிவிட்டேன், இனி தப்ப முடியாது.

இரண்டு சந்தேகம். அந்த விளக்கு வட்டம், சாயங்காலத் தலைவலி, இது எதுவுமே இல்லை என்று விட்டுவிடலாமா? அப்புறம், அப்பாவுக்கு இரவில் ஒரு சொட்டு, காலையில் வேறு ஒரு சொட்டு கொடுத்திருக்கிறார்கள். காவடி விரதம் வந்தால் மருந்து விடமாட்டேன் என்று இப்போதே முரண்டு பிடிக்கிறார்.

——

கண்ணாடிக்கடை_தம்பி:

அக்கா, வட்டம் பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். க்ளாக்கோமாவில் இன்னொரு வகை உண்டு, வடிகால் இருக்கும் இடுக்கே (கோணம் என்போம்) குறுகி மூடிக்கொள்வது. ஆசியக்காரர்களுக்கு, நம் ஆட்களையும் சேர்த்து, இது ஐரோப்பியர்களைவிட அதிகம். இது மட்டும்தான் சில சமயம் முன்கூட்டிச் சத்தம் போடும். இருட்டான இடத்தில், சினிமா பார்க்கும்போது, அந்தி நேரத்தில் கண்மணி விரியும்போது கோணம் இன்னும் நெருங்கும். புருவத்துக்கு மேல் வலி, விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் வட்டம், பார்வை புகை மூட்டம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுவார்கள். முழுதாக மூடினால் கண் சிவந்து, வலி மண்டையைப் பிளந்து, வாந்தி வரும், வயிற்றுக் கோளாறு என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. அந்த மாதிரி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

உங்கள் வட்டம் அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் கோணம் மூடுவது பெரும்பாலும் பிளஸ் பவர் உள்ள சின்னக் கண்களில். கண்ணாடியில் கீறல், கண் உலர்வது, ஆரம்பப் புரை, எதனாலும் வட்டம் தெரியும். ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. கண்மணியை விரிய வைக்கும் சொட்டு விடுவதற்கு முன்னால் "கோணத்தையும் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று சொல்லுங்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டு ஒரு சின்னக் கண்ணாடி வில்லையைக் கண்மேல் வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. குறுகியிருந்தால் லேசரில் ஒரு சின்னத் துளை போடுவார்கள், அன்றைக்கே வீடு திரும்பலாம். சளி மாத்திரை, சில மனநல மாத்திரை அட்டைகளில் க்ளாக்கோமா எச்சரிக்கை போட்டிருப்பதும் முக்கியமாக இந்த வகைக்காகத்தான்.

——

செல்வா_காத்ர்போர்ன்:

அப்பாவுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: சொட்டு மருந்து சாப்பாடு இல்லை, விரதத்தைக் கெடுக்காது. நானும் மருந்து விட்டுக்கொண்டேதான் காவடி எடுக்கிறேன். இன்னும் நம்பவில்லை என்றால் கோயில் ஐயரிடமே கேட்கச் சொல்லுங்கள், கண்ணைக் கெடுத்துக்கொண்டு வா என்று எந்த முருகனும் கேட்கவில்லை என்றுதான் அவரும் சொல்வார்.

விடுகிற விதம் முக்கியம். கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி இமையில் படாமல், ஒரே ஒரு சொட்டு. கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரம் கண் முடிகிற இடத்தில் விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி உடம்புக்குள் போகும். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம். காலை மருந்தில் டிமோலால் என்று பேர் இருந்தால், அப்பாவுக்கு ஆஸ்துமாவோ நாடித்துடிப்புக் குறைவோ உண்டா என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரவு மருந்து லட்டானோபிராஸ்ட் என்றால் திறக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், திறந்த தேதியைப் பாட்டில்மேலேயே எழுதி வையுங்கள், நான்கு வாரத்துக்குப் பிறகு புதுசு. வெயிலில் கார் டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். கண் சிவக்கும், இமை முடி நீளும், பயப்பட வேண்டாம். மருந்தால் ஆகும் நன்மை கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்வீடனில் நடந்த ஆய்வில், அழுத்தம் 1 மி.மீ. குறைந்தாலே மேலும் மோசமாகும் அபாயம் சுமார் பத்து சதவீதம் குறைந்தது, அதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், கணக்குப் பிள்ளை மனிதர்களுக்கு அது ஏறும்.

எங்கே போவது என்று கேட்டீர்களே. அரசாங்கத்தில் எல்லாம் இலவசம். உங்கள் வட்டார ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் ஆரம்பிக்கலாம், அங்கிருந்து மோக்காவில் நம் பாரதியார் பேரில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். காத்திருக்க நேரமாகும், டிபன் கட்டிக்கொண்டு போங்கள். பொறுமை இல்லையென்றால் தனியாரில் ஒரு தடவை எல்லாச் சோதனையும் எடுத்துக்கொண்டு அந்தக் காகிதத்தோடு அரசாங்கத்துக்குப் போகலாம், நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். தம்பிக்குச் சர்க்கரைக்காக விழித்திரைப் படம் எடுத்திருந்தால் அதே படத்தில் நரம்பும் விழுந்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்லட்டும். ஆனால் அந்தப் படம் மட்டும் போதாது. கண்மணியை விரிய வைத்தால் சில மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும், இரண்டு பேருமே ஒரே நாளில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வண்டி ஓட்ட மூன்றாவது ஆள் வேண்டும்.

ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் ஸ்கேன், ஃபீல்ட் காகிதம் எல்லாவற்றையும் நகல் வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள். அடுத்த வருஷம் இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மாறியிருக்கிறதா இல்லையா என்று டாக்டரால் சொல்ல முடியும்.

——

வாக்வா_டீச்சர்:

தம்பி பெண்டாட்டியையே ஓட்டச் சொல்லு மீனா. அவள் பக்கத்தில் இருந்தால் அவன் பாதி வழியில் இறங்கி ஓட மாட்டான்.